குற்றவியல் தாள்: தேதியைப் பார்த்துச் சட்டத்தை எடுங்கள்

எல்.எல்.பி. குழு உறுப்பினர்களுக்கு,

பிராப்ளம் கேள்வியில் (ஒரு சம்பவத்தைக் கொடுத்து எந்தக் குற்றம் என்று கேட்பது) முதலில் வட்டமிட வேண்டியது சம்பவத் தேதி. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்கு இந்திய தண்டனைச் சட்டம்தான். அன்றும் அதற்குப் பின்னும் என்றால் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா. குற்றம் ஜூனில் நடந்து எஃப்.ஐ.ஆர். ஆகஸ்டில் பதிவானதாகக் கேட்டால் குழம்ப வேண்டாம்: குற்றப்பிரிவு பழையது, நடைமுறை புதியது (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா).

பிரிவு எண்களைப் பழைய கைடிலிருந்து எழுதாதீர்கள். புதிய சட்டத்தில் 302 கொலை அல்ல, மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு. 304 பறிப்பு (ஸ்நாட்சிங்), அதாவது செயின் பறிப்பு வகை. கொலையின் வரையறை 101, தண்டனை 103. கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கு 105. கவனக்குறைவு மரணத்துக்கு 106. ஏமாற்றிச் சொத்தைப் பறித்தால் 318(4). பொது எண்ணம் (பலர் ஒரே நோக்கத்தோடு சேர்ந்து செய்வது), பழைய 34, இப்போது 3(5).

மதிப்பெண் பெரும்பாலும் போவது பொருத்திக் காட்டும் பகுதியில்தான். பலர் பிரிவை முழுதாகக் காப்பி செய்துவிட்டு இரண்டே வரியில் 'ஆகவே குற்றவாளி' என்கிறார்கள். எந்தக் காயம் கொலையாகும் என்று உச்ச நீதிமன்றம் விளக்கிய விர்சா சிங் (1958) வழக்கைச் சொன்னால் மட்டும் போதாது: என்ன காயம், எந்த இடத்தில், அந்தக் காயத்தை ஏற்படுத்தவே நினைத்தாரா, இயல்பாக அது மரணத்துக்குப் போதுமானதா என்று கேள்வியிலுள்ள உண்மைகளோடு ஒவ்வொன்றாக ஒட்டுங்கள். பிறகு 101-இன் விதிவிலக்குகளைத் தொடாமல் முடிக்காதீர்கள். 'திடீர் சண்டை' அவற்றில் ஒன்று; அந்தச் சொல் கேள்வியில் சும்மா வராது.

சாட்சியத் தாளில் மின்னணுப் பதிவுகளுக்கான பழைய 65பி இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63. சான்றிதழ் இரண்டு பகுதி, ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) வேண்டும்.

பேர் ஆக்ட் (உரையில்லாமல் சட்டம் மட்டும் உள்ள புத்தகம்) வாங்கும்போது மேலே சொன்ன புதிய மூன்று சட்டங்களும்தானா என்று அட்டையைப் பாருங்கள். பழைய ஸ்டாக் இன்னும் விற்கிறது.