‘மூலப் பத்திரம் தொலைந்தது’ அறிவிப்புகளைக் கவனியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் ‘மூலப் பத்திரம் தொலைந்துவிட்டது’ அறிவிப்பைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. உண்மையாகவே தொலைத்தவர்களும் அதைக் கொடுக்கிறார்கள். ஆனால் அடுத்தவர் நிலத்தை விற்கத் துணிந்தவர்களுக்கும் அது ஒரு வழி. காவல் நிலையத்தில் புகார், நாளிதழில் அறிவிப்பு, ‘கண்டுபிடிக்க இயலவில்லை’ என்ற சான்று, சார்பதிவாளர் அலுவலகத்தின் சான்றிட்ட நகல் என நான்கும் சேர்ந்தால், அசல் இல்லாத குறை தெரியாமல் போகும். கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகலைக் கட்டணம் கட்டி யாரும் வாங்கலாம். அதை வைத்திருப்பதாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். அசலோ உரிமையாளரின் பீரோவில் இருக்கும், அல்லது தனியாரிடம் கடனுக்கு ஈடாகக் கிடக்கும். பதிவு செய்யாத அந்த ஈடு, நிலத்தின் மீதான பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் வராது.

உரிமையாளரிடம் அதிகார ஆவணம் (பவர்) பெற்ற ஏஜென்ட் விற்கும் நிலமென்றால் பவர் கொடுத்தவரை நேரில் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. அவர் இறந்த அன்றே பவர் முடிந்துவிடும். பழைய பொது அதிகார ஆவணங்கள் பல, சார்பதிவாளர் அலுவலகப் பதிவேடுகளில் 4-ஆம் புத்தகத்தில் பதிவானவை. வில்லங்கச் சான்று 1-ஆம் புத்தகத்தைத்தான் காட்டும் என்பதால் அவற்றைத் தனியே கேட்டுப் பார்க்க வேண்டும்.

பழைய தேதியிட்ட போலிகள் சின்ன விஷயத்தில் மாட்டிக்கொள்ளும். திருப்பூர் மாவட்டம் உருவானது 2009-இல். 1995-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் ‘திருப்பூர் மாவட்டம்’ என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அஞ்சல் குறியீட்டு எண் வந்தது 1972 ஆகஸ்டில். அதற்கு முந்தைய பத்திரத்தில் ஆறு இலக்க எண் எப்படி வரும்? முத்திரைத்தாளின் பின்புறம் விற்பனையாளர் எழுதிய தேதி, பத்திரத்தின் தேதிக்குப் பிந்தியதாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

காலி மனை வைத்திருப்போரும் வெளிநாட்டில் இருப்போரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்த்துவிடுவது நல்லது. பார்வையிடக் கட்டணம் இல்லை. சர்வே எண் உட்பிரிவாகியிருந்தால் பழைய எண், புதிய எண் இரண்டையும் போட்டுத் தேட வேண்டும். ஒன்றை மட்டும் தேடுவதால் தவறவிடுகிறவர்கள் அதிகம். பட்டாவில் பெயர் மாறியிருக்கிறதா என்பதையும் கூடவே பார்க்கலாம்.

போலிப் பதிவு கண்ணில் பட்டால் முதல் வேலை அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்குவது. ஆள்மாறாட்டம் செய்தவரின் புகைப்படம், கைரேகை, சாட்சிகளின் முகவரி எல்லாம் அதில் கிடைக்கும். அன்றே சார்பதிவாளருக்கு எழுத்தில் மனு கொடுத்து, கைரேகைப் பதிவையும் கேமரா பதிவையும் பாதுகாக்கச் சொல்லி ஒப்புகை வாங்குங்கள். கேமரா பதிவு நெடுநாள் இருக்காது. பிறகு நில அபகரிப்புத் தடுப்புச் சிறப்புப் பிரிவில் புகார். 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றத்துக்கு புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 319, 336, 338, 340 பிரிவுகள் (ஆள்மாறாட்டம், போலி ஆவணம் பற்றியவை) பொருந்தும். வட்டாட்சியரிடம் பட்டா மாற்றத்துக்கு ஆட்சேபணையும் கொடுக்க வேண்டும்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மாவட்டப் பதிவாளரே போலிப் பத்திரத்தை ரத்து செய்ய 2022-இல் பதிவுச் சட்டத்தில் 77-ஏ பிரிவு வந்தது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அந்த வழியை மட்டும் நம்பிக் காத்திருந்தால், விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு என்ற காலவரம்பு ஓடிவிடும். உரிமையியல் நீதிமன்றத்தில், நிலம் நம்முடையது, அந்தப் பத்திரம் செல்லாது என்று அறிவிக்கக் கோரும் விளம்புகை வழக்குப் போட்டு, இடைக்காலத் தடையும் கேளுங்கள். தாமதித்தால் நிலம் மூன்று நான்கு கை மாறும். அத்தனை பேரையும் எதிர்வாதிகளாகச் சேர்த்து அலைய வேண்டிவரும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். பத்திரம் தொலைந்த அறிவிப்புகளிலும், நிலம் வாங்கப் போவதாக வழக்கறிஞர்கள் தரும் பொது அறிவிப்புகளிலும் ஊர்ப் பெயர், சர்வே எண் இரண்டையும் முதல் வரியில் தடித்த எழுத்தில் அச்சிடுங்கள். இப்போது அவை பத்தியின் நடுவே புதைந்து கிடக்கின்றன. தன் ஊர்ப் பெயர் தெரிந்தால்தான் நிலத்துக்காரர் நின்று படிப்பார்.

இப்படிக்கு,
ஆவண எழுத்தர் ஒருவர்