கோழிக்கூண்டுக் கண்

மாப்ளே,

முட்டி வலி தேவலையா? பதில் போட லேட்டாயிருச்சுன்னு கோவிச்சுக்காதே. வெங்காயம் பறிச்சு முடிக்கவே மாசம் ஓடிப்போச்சு. இங்க காங்கயம் பக்கம் ரெண்டு மழை பேஞ்சு மேய்ச்சல் கொறங்காடெல்லாம் பச்சையா நிக்குது.

சால்டரிங் கம்பியைத் தூசி தட்டி எடுத்துட்டேன். பாலிடெக்னிக்கோட விட்டது! அம்மாவுக்குப் பொழுது சாஞ்சாக் கண்ணு மங்குது. கோழி 14-ம் அடைஞ்சிருச்சான்னு எண்ண முடியறதில்லை. கூண்டு வாசல் ஒரு அடி அகலந்தான். ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம் விடற ஐஆர் எல்இடி, எதிர்ல அந்த வெளிச்சத்தை உணர்ற போட்டோடையோடு, அதான் டிடெக்டர். நடுவுல கோழி புகுந்தா பஸ்ஸர் கத்தோணும்.

பழைய போன் சார்ஜர் 5 வோல்ட் குடுக்குது. அதுல எல்இடி 1.2 வோல்ட் எடுத்துக்கும், மிச்சத்துக்கு 220 ஓம்ஸ் ரெசிஸ்டர் போட்டா 17 மில்லி ஆம்ப், போதும். எரியுதான்னு வெறுங்கண்ணுக்குத் தெரியாதில்ல, செல்போன் முன்கேமராவக் காட்டுனேன். கத்தரிப்பூ நிறத்துல மினுக்குன்னு ஒரு புள்ளி. அம்மா எட்டிப்பாத்துட்டு, "இது என்னடா மாயம்"ன்னாங்க.

டிடெக்டர்தான் ராத்திரி 11 வரைக்கும் உசுர வாங்குச்சு. ரெண்டு வோல்டேஜை ஒப்பிட்டுப் பாக்கற எல்எம்358 ஐசி-ல ரெண்டாங் காலுக்குப் போட்டோடையோடும் 10 கே ரெசிஸ்டரும் சேர்ற எடம், மூணாங் காலுக்குத் திருகி அளவு வெக்கற பிரீசெட், வெளிய வர்றது பிசி547 டிரான்சிஸ்டர் வழியாப் பஸ்ஸருக்கு. கையக் குறுக்க வெச்சா ஒரு சத்தமும் இல்லை. பொறவு பாத்தா, போட்டோடையோடைச் சாதா எல்இடி மாதிரி நெனச்சுப் போட்டிருக்கறேன். அதைத் தலைகீழாத்தான் மாட்டோணும். கேத்தோடுங்கற மைனஸ் கால் பிளஸ் பக்கம். அப்பத்தான் வெளிச்சத்துக்குத் தக்கன கரண்டு விடும். திருப்பிப் போட்டதும் கத்துச்சு பாரு, தூங்குன நாயே எந்திரிச்சு ஓடிருச்சு.

அடுத்த நா கூண்டுல மாட்டுனேன். மத்தியானம் கையை விட்டா நல்லாக் கத்துது. அஞ்சரைக்குக் கோழி வரிசையா அடையுது, பஸ்ஸர் வாயே தொறக்கலை. பிரீசெட்டைத் திருகித் திருகி விரல் நோவுனதுதான் மிச்சம். இருட்டுனதும் மறுபடியும் கத்துது. ஒரு எழவும் புரியலை.

அம்மாதான் திண்ணையில இருந்து சொன்னாங்க: "வெயில் அது மூஞ்சியிலயே அடிக்குதே, அதுக்கு மட்டும் கண்ணு கூசாதா?"

சாயங்கால வெயில் நேரா மேக்க பாத்த டிடெக்டர் மேல விழுகுது. வெயில்லயும் ஐஆர் இருக்குதுதானே! 1800-ல ஹெர்ஷல்ங்கற வானியல் விஞ்ஞானி சூரிய வெளிச்சத்தைப் பட்டகத்துல பிரிச்சு, செவப்புக்கு அந்தப் பக்கம் தெர்மாமீட்டர் வெச்சுத்தான இதைக் கண்டுபுடிச்சாரு. அந்த வெள்ளத்துல கோழி மறைக்கறது எங்க தெரியும்? டிடெக்டரை மேக்குத் தூணுக்கு மாத்திக் கெழக்க பாக்க வெச்சேன். சொட்டுநீர் லேட்டரல் குழாய்ல மூணு அங்குலம் வெட்டி அதுக்குள்ள சொருகிட்டேன். காலை வெயில் அடிக்கட்டும், கோழி வெளிய போறதை யாரு எண்றாங்க.

நோம்பிக்கு வர்றப்ப காந்திபுரத்துல துடிப்பு உண்டாக்கற 555 டைமர் ஐசி ஒண்ணும், அந்தத் துடிப்பை மட்டும் பொறுக்கிப் புடிக்கற டிஎஸ்ஓபி1738 ஐஆர் ரிசீவர் ஒண்ணும் வாங்கியா. 38 கிலோஹெர்ட்ஸ்ல விட்டு விட்டு அனுப்புனா வெயில் தொந்தரவு இன்னும் கொறையும். தோட்டத்துக் கேட்டுக்கும் எட்டும். இந்த சர்க்யூட் அவ்வளவு தூரம் தாங்காது.

நேத்து 16 தடவை கத்துச்சு. பதறிப்போய்ப் பாத்தா உள்ள 14 தான். "கொண்டைச் சேவல் ஒருக்கா வெளிய வந்து போயிருக்கும், அதுக்கு எப்பவும் அந்தப் புத்திதான்"ன்னாங்க அம்மா.

தங்கச்சியக் கேட்டேன்னு சொல்லு.

உன் மாப்ளை