'ஃபிளாட்லேண்ட்' நாவல் கண்காட்சி: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

எட்வின் ஆபட் எழுதிய 'ஃபிளாட்லேண்ட்' நாவலையும் அதன் கலைப் பதிப்புகளையும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் கண்காட்சி ஒன்றை, லண்டனில் உள்ள நம் வட்டார நூலகத்தில் வரும் இலையுதிர் காலத்தில் நடத்தத் திட்டமிட்டுள்ளோம். 1884-இல் இதே நகரில் வெளியான இந்நாவலின் ஆசிரியர், சிட்டி ஆஃப் லண்டன் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த சமய குரு. நீளமும் அகலமும் மட்டுமே உள்ள அவருடைய கற்பனை உலகில் படைவீரர்கள் இருசமபக்க முக்கோணங்கள், குருமார் வட்டங்கள், பெண்களோ வெறும் நேர்கோடுகள். பக்கங்கள் கூடக்கூட மதிப்பும் கூடும் அந்தச் சமூகம் விக்டோரியா காலத்து ஏற்றத்தாழ்வின் மீதான எள்ளல். கணிதத்தை மட்டும் தேடிப் படிப்பவர்கள் இதைக் கவனிக்காமல் போய்விடுகிறார்கள் என்பது எங்கள் எண்ணம்.

ஆபட் தம் கையால் வரைந்த எளிய கோட்டுப் படங்களில் தொடங்கும் கண்காட்சி, சான்பிரான்சிஸ்கோவின் ஏரியன் அச்சகம் 1980-இல் 275 படிகள் மட்டுமே வெளியிட்ட பதிப்பில் முடிகிறது. ரே பிராட்பரியின் முன்னுரையும் அலுமினிய அட்டையும் கொண்ட அந்தப் புத்தகம் விசிறி மடிப்பில் அமைந்தது. பிரித்து விரித்தால் முழு நாவலும் ஒரே நீளத் தாளாகக் கிடக்கும். அதைச் சேகரிப்பாளர் ஒருவர் இரவல் தர இசைந்துள்ளார். ஆனால் இரண்டு பக்கங்களை மட்டும் திறந்து காட்டுவது அந்த வடிவத்துக்கே பொருந்தாது என்பதால், அதை முழுவதும் விரித்து வைக்கத்தக்க நீண்ட கண்ணாடிப் பேழை ஒன்றைப் புதிதாகச் செய்தாக வேண்டும். தாளுக்குக் கேடு வராதபடி வெளிச்சத்தை 50 லக்ஸ் அளவுக்குள் வைக்கும் விளக்குகளும், இரவல் நூல்களுக்கான காப்பீடும் இதனுடன் சேரும்.

சிறுவர்களுக்கென ஒரு மேசையும் உண்டு. மெல்லிய ஒளித்தளத்தின் ஊடே பந்தை மெதுவாக இறக்கும்போது, அதன்மேல் விழும் ஒளி புள்ளியாகத் தோன்றி, வளையமாகப் பெருகி, மீண்டும் சுருங்கி மறையும். நாவலில் 1999-ஆம் ஆண்டின் கடைசி இரவில், கதைசொல்லியான சதுரத்தின் வீட்டுக்கு வரும் கோளம் அவருக்குத் தென்படுவது இப்படித்தான். இதற்குப் பெரிய செலவில்லை.

மொத்தத் தேவை 4,800 பவுண்டு. அதில் பாதியை நூலகம் ஏற்கிறது. மீதியை உங்களிடம் கேட்டு நிற்கிறோம். தொகை சிறிதாயினும் நன்றியுடன் பெற்றுக்கொள்வோம். நூலக முகப்பில் பணமாகவோ காசோலையாகவோ செலுத்தி, தவறாமல் ரசீது பெற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். கண்காட்சி முடிந்ததும் வரவு செலவுக் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பேழை நூலகத்துக்கே உடைமையாகும்.

இவண்,
கண்காட்சிக் குழுவினர்