தீயணைப்பு வீரர் எந்த ஊரில் தூங்கினால் என்ன? நகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நகர மன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

முழுநேரச் சம்பளத்தில் வேலை பார்க்கும் தீயணைப்பு வீரர்கள் நகர எல்லைக்குள்தான் குடியிருக்க வேண்டும் என்ற விதியை அமெரிக்காவில் பல நகரங்கள் இன்னும் விடவில்லை. நம் நகரமும் அதில் ஒன்று. அதை எடுத்துவிட்டு, எல்லைக்குப் பதில் நேரத்தை வைத்து ஒரு விதி எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஆங்கிலப் படி உங்கள் அலுவலகத்துக்குத் தனியே வந்துசேரும். தமிழிலும் எழுதக் காரணம், மன்றக் கூட்டங்களில் இந்த விதிக்கு ஆதரவாகப் பேசுகிறவர்களில் நம் தமிழ்க் குடும்பத்தினரும் உண்டு. "நம் வரிப் பணத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் நம்மோடு இருந்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். கேள்வியில் தப்பில்லை. பதிலை அவர்களும் படிக்கட்டும்.

முதலில் சட்டம். பிலடெல்பியா தீயணைப்புத் துறையில் 16 ஆண்டுகள் வேலை பார்த்த மெக்கார்த்தி என்பவர் குடும்பத்தோடு நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்ந்தார், வேலை போயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1976இல் நகரத்தின் பக்கமே தீர்ப்பானது. வேலையில் இருக்கும்வரை ஊருக்குள் இரு என்று கேட்பது பயண உரிமையைப் பறிப்பதாகாது என்றது நீதிமன்றம். ஆகவே மாநிலச் சட்டம் குறுக்கே வராதவரை இப்படி ஒரு விதி போட உங்களுக்கு அதிகாரம் உண்டு. அதில் எனக்கு வழக்கில்லை. இதனால் ஊருக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

வீடு பற்றி எரியும்போது பக்கத்தில் இருப்பவர்தானே சீக்கிரம் வருவார் என்பதுதான் வழக்கமாக வரும் பதில். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சம்பள வீரர் தன் வீட்டிலிருந்து தீக்கு ஓடி வருவதில்லை, நிலையத்திலிருந்து வருகிறார். நாட்டில் பரவலாக உள்ள முறை 24 மணி நேர ஷிஃப்ட், பிறகு 48 மணி நேர ஓய்வு. ஷிஃப்ட் முழுக்கச் சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் நிலையத்தில்தான். மணி அடித்ததும் உடுப்பை மாட்டி வண்டி கிளம்ப 80 நொடி, முதல் வண்டி தீப்பிடித்த இடத்துக்குப் போய்ச் சேர 240 நொடி என்று தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 1710ஆம் எண் தரநிலை அதன் 2020 பதிப்பில் சொன்னது. நிலையம் எங்கே இருக்கிறது, வண்டியில் எத்தனை பேர், அந்த நேரம் பார்த்து வண்டி வேறோர் அழைப்பில் மாட்டியிருக்கிறதா என்பதையெல்லாம் பொறுத்துத்தான் அந்த நொடிகள் கூடும், குறையும். வீரரின் வீட்டு முகவரி இந்தக் கணக்கில் எங்கேயும் வராது. நிமிடங்கள்தான் உங்கள் கவலை என்றால், பணமும் பேச்சும் நிலையங்களைப் பற்றியும் ஆள் எண்ணிக்கையைப் பற்றியும் இருக்க வேண்டும்.

சரி, பின் ஏன் எல்லோரும் இப்படி நினைக்கிறோம்? ஒரு காரணம், தீயணைப்பு வீரர் என்றதும் இரண்டு வகையினரை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது. 2020 கணக்குப்படி நாட்டில் சுமார் 10.4 லட்சம் வீரர்கள். அதில் 65 சதவீதம் தன்னார்வலர்கள். சிற்றூர்களில் பேஜர் அலறியதும் கடையையோ வயலையோ போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வருகிறவர்கள் இவர்கள். இவர்களுக்கு வீடு எங்கே என்பதுதான் எல்லாமே. தன்னார்வத் துறை வசிப்பிடம் பற்றிக் கறாராக இருந்தால் அதை நானே ஆதரிப்பேன். நம் நகரத்திலோ ஒவ்வொரு நிலையத்திலும் ராத்திரி பகல் சம்பள ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒரே ஒரு சமயத்தில் மட்டும் சம்பள வீரரின் வீட்டுத் தூரம் கணக்கில் வரும். பெரிய தீயோ வெள்ளமோ வந்து, ஓய்வில் இருப்பவர்களையும் திரும்ப வரச் சொல்லும்போது. அப்போதுகூட முதலில் வந்து நிற்பது பக்கத்து ஊர்களின் வண்டிகள்தான். பரஸ்பர உதவி ஒப்பந்தங்கள் அதற்காகத்தான் இருக்கின்றன. ஓய்விலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும் நிலையங்களை நிரப்புவார்கள், களைத்துப்போனவர்களை மாற்றிவிடுவார்கள். அதுவும் அவசியமான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் நகர எல்லை சரியான அளவுகோல் இல்லை. ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மாலை நெரிசலில் ஊர்ந்து வருகிறவரைவிட, எல்லைக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலை ஓரம் குடியிருப்பவர் முன்னாலேயே வந்து நிற்கலாம்.

இதைப் பல மாநிலங்கள் எப்போதோ யோசித்துவிட்டன. கலிபோர்னியாவின் அரசியல் சட்டமே ஊழியர்கள் ஊருக்குள் வசிக்க வேண்டும் என்று நகரங்கள் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. வேலையிடத்திலிருந்து நியாயமான, குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கச் சொல்லலாம், அவ்வளவுதான். மிச்சிகன் 1999 சட்டத்தில் 20 மைல் வரை நிபந்தனை போடலாம் என்றது. விஸ்கான்சின் 2013இல் இந்த விதிகளை நீக்கிவிட்டு, அவசரப் பணியாளர்களுக்கு மட்டும் 15 மைல் என்று வைத்தது. மில்வாக்கி நகரம் 1938 முதல் கட்டிக்காத்த தன் விதியை விட மனமில்லாமல் வழக்காடி, 2016இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஒஹையோவிலும் இதே கதைதான். 2006 சட்டத்தை எதிர்த்து நகரங்கள் போட்ட வழக்கு 2009இல் தோற்றது. அங்கே அதே கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்ற பிரிவு) அல்லது அடுத்த கவுண்டியில் இருந்தால் போதும் என்பதே அதிகபட்ச நிபந்தனை. உங்களுக்கு இதில் அரசியல் கணக்கும் ஒன்று உண்டு. நீங்களாக மாற்றினால் வாசகம் உங்கள் கையில். மாநிலம் மாற்றினால் என்ன வருகிறதோ அதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இனி வரிப் பணம். இந்த வாதத்தை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். மிச்சிகன் சட்டத்துக்குப் பிறகு டெட்ராய்ட்டின் நகர ஊழியர்கள் பலர் புறநகருக்குப் போனார்கள். ஏற்கெனவே நலிந்திருந்த தெருக்களில் நிலையான சம்பளக்காரர் ஒருவர் வீட்டை விற்றுவிட்டுப் போவது சின்ன விஷயமில்லை. ஆனால் அவர்கள் ஏன் போனார்கள்? பள்ளிக்கூடம், கார் காப்பீட்டுக் கட்டணம், வரி. மற்றவர்கள் எந்தக் காரணங்களுக்காகப் போனார்களோ அதே காரணங்கள். ஊரை விட்டுப் போக நினைக்கும் பல்லாயிரம் பேரில் அரசுச் சம்பளம் வாங்குகிறவரை மட்டும் கதவைச் சாத்தி நிறுத்துவது, ஓட்டைத் தொட்டியில் ஒரு ஓட்டையை மட்டும் விரலால் அடைப்பது போல. மேலும் இதைச் சுமப்பது நம்மில் யாருமில்லை. வாரத்துக்குச் சராசரி 56 மணி நேரம் ஊருக்குள்ளேயே கிடக்கும் ஒருவர் சுமக்கிறார். காலையில் வந்து மாலையில் கிளம்பும் எந்த அலுவலரும் இவ்வளவு நேரம் இங்கே இருப்பதில்லை.

ஊரோடு ஒட்டியிருப்பார்கள், தெருவைத் தெரிந்திருப்பார்கள் என்றும் சொல்கிறார்கள். சிகாகோவைப் பாருங்கள். அங்கே விதி கடுமையாகத்தான் இருக்கிறது. தீயணைப்பு வீரர்களும் போலீஸ்காரர்களும் பெருவாரியாக எங்கே சேர்ந்து வசிக்கிறார்கள்? மவுண்ட் கிரீன்வுட், எடிசன் பார்க் போன்ற, எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதிகளில். விதி சொன்ன கோட்டுக்கு உள்ளே, ஆனால் கோட்டின் ஓரத்தில். அழைப்புகள் அதிகம் வரும் பகுதியில் அவர்கள் குடியேறவில்லை. அதை எந்த விதியாலும் செய்ய முடியாது.

இன்னொன்று, 'உள்ளூர்க்காரருக்கே வேலை' என்பது எப்போதும் நியாயத்தின் பக்கம் நிற்கும் என்று நம்பிவிட வேண்டாம். நியூ ஜெர்சியின் நார்த் ஹட்சன் தீயணைப்புத் துறை ஐந்து ஊர்களுக்குச் சேவை செய்கிறது. அந்த ஊர்களில் வசிப்பவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்று வைத்திருந்தது. 300க்கும் மேற்பட்ட ஊழியர்களில் கறுப்பினத்தவர் இரண்டே பேர். கறுப்பின மக்கள் அதிகம் வாழும் நகரங்கள் பக்கத்திலேயே இருந்தும் அங்கிருந்து யாரும் விண்ணப்பிக்க வழியில்லை. 2011இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்ற தீர்ப்பை உறுதி செய்தது. கோடு எங்கே போடப்பட்டிருக்கிறதோ அதைப் பொறுத்து அது யாரை உள்ளே விடும், யாரை வெளியே நிறுத்தும் என்பது மாறும். நம் நகர எல்லை வரைந்த காலத்தில் யாருக்கு எங்கே வீடு விற்றார்கள், யாருக்கு மறுத்தார்கள் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம் இந்த விதியை அமல்படுத்துவது. ஒருவர் எங்கே தூங்குகிறார், பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறது என்று பார்க்க ஆள் வைக்க வேண்டும். விவாகரத்தாகி, பிள்ளைகள் பக்கத்து ஊரில் தாயோடு இருக்கும் வீரருக்கு எது வீடு? வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஓய்வு நாட்களில் எல்லை தாண்டிப் போய்த் தங்குகிறவருக்கு? அரசியலில் இருப்பவர்களிடம் சட்டம் இந்தக் கேள்வியைப் பெருந்தன்மையோடுதான் கேட்கிறது. சிகாகோ மேயர் தேர்தலில் நின்ற ராம் இமானுவேல் அதற்கு முன் வெள்ளை மாளிகை வேலைக்காக வாஷிங்டனில் இருந்தார், சிகாகோ வீட்டை வாடகைக்கும் விட்டிருந்தார். திரும்பி வரும் எண்ணம் இருந்ததால் அவர் சிகாகோவாசிதான் என்று இல்லினாய் உச்ச நீதிமன்றம் 2011இல் சொன்னது. அவர் மேயரும் ஆனார். எனக்கு அதில் குறையொன்றும் இல்லை. அதே பெருந்தன்மை ஏணியில் ஏறுகிறவருக்கும் கிடைக்கட்டும்.

நான் கேட்பது பெரிதில்லை. எல்லை விதியை நீக்கி, திரும்ப அழைத்தால் இத்தனை நிமிடத்துக்குள் நிலையத்துக்கு வர வேண்டும் என்று எழுதுங்கள். எத்தனை நிமிடம் என்பதைத் துறைத் தலைவரும் வீரர்களின் தொழிற்சங்கமும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். உள்ளூர்ப் பிள்ளைகள் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுவது எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்கு நியூ யார்க் மாதிரி தேர்வில் நகரவாசிகளுக்கு ஐந்து மதிப்பெண் கூடுதலாகத் தரலாம். அங்கே வேலையில் சேர்ந்தபின் நகரத்தில் மட்டுமில்லை, சுற்றியுள்ள ஆறு கவுண்டிகளிலும் குடியிருக்கலாம். நார்த் ஹட்சனை மறக்காமல், அந்த மதிப்பெண் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். உயர்நிலைப் பள்ளிகளில் அவசர மருத்துவ உதவிப் பயிற்சி தொடங்குங்கள். அழைப்புகளில் பெரும்பாலானவை மருத்துவ உதவிக்கானவை என்பதால் அந்தப் பயிற்சி வீண் போகாது. ஊருக்குள் வீடு வாங்க விரும்பும் வீரருக்கு முன்பணத்தில் உதவினால், விருப்பத்தோடு வருகிறவர்கள் வருவார்கள்.

விவாதத்துக்கு முன்னால் ஒன்றே ஒன்று செய்யுங்கள். கடந்த சில பெரிய தீ விபத்துகளில் ஓய்விலிருந்து அழைக்கப்பட்டவர்கள் எத்தனை நிமிடத்தில் வந்தார்கள் என்ற பதிவைத் துறைத் தலைவரிடம் கேட்டு வாங்கி, பெயர்களை நீக்கிவிட்டு, பொதுவில் வையுங்கள். எல்லோரும் பார்த்த பிறகு வாக்கெடுப்பை வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
இந்த நகரத்தில் வரி கட்டும், வாக்களிக்கும் ஒருவர்