மாணிக்கத்துக்கு: நம் குத்துச்சண்டை வீரர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதத்தில் பாதி சந்தோஷம், பாதி கோபம். இளமதி குத்துச்சண்டை வகுப்பில் சேர்ந்துவிட்டாள் என்பது சந்தோஷம். "நூற்று நாற்பது கோடிப் பேர் இருக்கிற நாட்டுக்கு ஒரு ஒலிம்பிக் தங்கம் இல்லை, இதில் எதை நம்பி என் பொண்ணை அனுப்பறது?" என்பது கோபம். இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது டிவியின் அடியில் ஓடும் எழுத்தையெல்லாம் எங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறார், யாரும் நிம்மதியாகச் செய்தி பார்க்க முடியவில்லை. பெரியவனுக்குப் புனேயில் வேலை கிடைத்திருக்கிறது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் குத்துச்சண்டை கிளப்புக்குப் போய், பையன்கள் குத்திப் பழகக் கையில் மெத்தை பிடிக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதலில் அந்த நூற்று நாற்பது கோடியை விட்டுவிடு. உஸ்பெகிஸ்தானில் நான்கு கோடிப் பேர்கூட இல்லை, தமிழ்நாட்டில் பாதிதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு இருந்த ஏழு தங்கத்தில் ஐந்தை அவர்கள் எடுத்தார்கள். அதற்கு முந்தைய வருடம் தாஷ்கண்டில் நடந்த உலகப் போட்டியிலும் ஐந்து தங்கம். நாம் பாரிஸுக்கு அனுப்பிய ஆறு பேரும் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இதுவரை நம் கையில் இருப்பது மூன்று வெண்கலம்: பெய்ஜிங்கில் விஜேந்தர், லண்டனில் மேரி கோம், டோக்கியோவில் லவ்லினா. ஆண்கள் உலகப் போட்டியில் தங்கமே கிடையாது. 2019இல் அமித் பங்கால் வாங்கிய வெள்ளிதான் உச்சம்.

உடல்வாகு, சாப்பாடு, பயம் என்று நீ எழுதிய காரணங்கள் எல்லாம் நாம் காலேஜில் படித்த காலத்திலிருந்து கேட்பவை. எடைப் பிரிவு வைத்து ஆடும் விளையாட்டில் உடல்வாகைக் குறை சொல்வது எனக்குப் புரிவதே இல்லை. 51 கிலோ என்றால் அவனும் 51, நம் பையனும் 51. பயம் என்பதோ சுத்தப் பொய். ஹரியானாவின் பிவானி, மணிப்பூர் பையன்களிடம் பயத்தை நான் பார்த்ததில்லை.

நான் கவனித்த வரையில், நம்மவர்கள் பெரும்பாலும் முதல் ரவுண்டில் தோற்பதில்லை. டோக்கியோவில் பங்கால் ஆடியதை யூடியூபில் தேடிப் பார். அந்த எடையில் முதல் தரவரிசை, நேராக இரண்டாம் சுற்று, எதிரே கொலம்பியாவின் மார்டினெஸ். முதல் ரவுண்டை பங்கால் அழகாக எடுத்தார். உள்ளே போய் அடித்து, எதிராளி கை நீட்டுமுன் வெளியே வந்துவிடும் அவருடைய வழக்கமான ஆட்டம். இரண்டாவது ரவுண்டில் மார்டினெஸ் நிற்காமல் முன்னால் வந்துகொண்டே இருந்தார். குத்து படுகிறதா இல்லையா என்ற கவலையே அவருக்கு இல்லை, கை ஓய்ந்தால்தானே! மூன்றாவதில் பங்காலின் கால் நின்றுவிட்டது. ஐந்து நடுவர்களில் நான்கு பேர் மார்டினெஸ் பக்கம், 4-1 என்று ஆட்டம் கொலம்பியாவுக்குப் போனது. பாரிஸில் நிஷாந்த் தேவும் காலிறுதியில் மெக்சிகோவின் மார்கோ வெர்டேயிடம் முதல் ரவுண்டை எடுத்துவிட்டு அதே 4-1இல்தான் தோற்றார். அன்றைக்கு ஊரே நடுவர்களைத் திட்டியது. எனக்கும் அந்தத் தீர்ப்பில் முழுத் திருப்தி இல்லை. ஆனால் மூன்றாவது ரவுண்டை மட்டும் தனியாகப் போட்டுப் பார், யார் களைத்திருக்கிறார் என்று கேட்கவே வேண்டாம். இன்னும் பின்னால் போனால் 2000 சிட்னி. குர்சரண் சிங் காலிறுதியில் கடைசி நொடிகள் வரை முன்னிலையில் இருந்தார். 12-12 என்று சமனாகி, நடுவர்கள் பதிந்த எல்லாக் குத்துகளையும் கூட்டிப் பார்க்கும் பின்கணக்கில் உக்ரைன்காரர் ஜெயித்தார். அன்றே வந்திருக்க வேண்டிய முதல் பதக்கத்துக்கு இன்னும் எட்டு வருடம் காத்திருந்தோம்.

இதை வெறும் ஸ்டாமினா குறைவு என்று சொன்னால் பாதிதான் சரி. நம் பையன்கள் ஓடாத ஓட்டம் கிடையாது, காலையில் போய்ப் பார்த்தால் தெரியும். ஆனால் தெரியாத எதிராளி முன்னால் படுகிற பதற்றம், ஓடும்போது ஆகும் களைப்பைவிட வேகமாக மூச்சை வாங்கிவிடும். நாம் ரிங்கில் ஏறியவர்கள், உனக்கு இதை விளக்க வேண்டாம். அதைப் பழக்க ஒரே வழி பவுட். கேம்பில் பயிற்சிக்காக ஆடும் ஸ்பாரிங் இல்லை. ஜெயித்தால் ஜெயிப்பு, தோற்றால் தோல்வி என்று எழுதப்படும் பவுட். அதுவும் நிறைய.

நம்மிடம் இல்லாதது அதுதான். வருடத்தில் பெரும்பகுதி பாட்டியாலா கேம்ப். ஒரு எடையில் நான்கைந்து பேர், அதே முகங்கள். யார் முன்கைக் குத்தான ஜாபை எப்போது நீட்டுவான், யார் இடது தோளை எப்போது இறக்குவான் என்று எல்லாருக்கும் மனப்பாடம். ஒரே கேள்வித்தாளை வருடம் முழுக்க எழுதிப் பழகியவனை வேறு பாடப் பரீட்சையில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? வெளிநாட்டுப் பயணத்தில் முதல் சுற்றிலேயே தோற்றால், அத்தனை ஆயிரம் மைல் போய் அவனுக்குக் கிடைத்தது ஒன்பது நிமிட ஆட்டம். அடுத்த போட்டிக்கு அவனை அனுப்புவார்களா என்பதே சந்தேகம். அதனால் தோற்காமல் இருக்க ஆடுகிறான், கற்றுக்கொள்ள ஆடுவதில்லை. உஸ்பெக், கசாக் பையன்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. உள்ளூரிலேயே அடித்து நொறுக்கும் போட்டி, அக்கம்பக்கத்து நாடுகளோடு ஓயாத ஆட்டம். ஒரு தோல்வியால் அவர்களுக்குப் பெரிதாக எதுவும் போய்விடாது.

கீழ்மட்டத்தில் நிலைமை இன்னும் மோசம். ஒரு மாவட்டத்துப் பையன் வருடத்துக்கு எத்தனை பவுட் ஆடுகிறான் என்று உங்கள் ஊர் கோச்சிடம் கேட்டுப் பார். மாவட்டம், மாநிலம், அதிர்ஷ்டம் இருந்தால் நேஷனல்ஸ். நாக்-அவுட் முறை என்பதால் ஒரு தோல்வியோடு அந்த வருடமே முடிந்தது. அதையும் தாண்டி வருபவனுக்கு சர்வீசஸிலோ ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை கிடைக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, வேலை இல்லையென்றால் இந்த விளையாட்டுக்கே ஆள் வராது. ஆனால் வேலை கிடைத்ததும் பல பேருக்கு ஓட்டம் முடிந்துவிடுகிறது. எல்லைக் கோடு ஒலிம்பிக்கில் இல்லை, அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இருக்கிறது.

சங்க அரசியலை எழுதாமல் இந்தக் கதை முடியாது. 2012 டிசம்பரில், தேர்தலில் தில்லுமுல்லு என்று உலக சம்மேளனம் நம் சங்கத்தைத் தடை செய்தது. 2014இல் புதிதாக ஒரு சங்கம் வந்தது, மறு வருடமே அதுவும் கலைந்தது. அப்புறம் தற்காலிகக் குழு. 2016 செப்டம்பரில், அதாவது ரியோ ஒலிம்பிக் முடிந்த பிறகுதான், இப்போதைய சங்கம் உருவானது. நடுவில் நம் பையன்கள் தேசியக் கொடி இல்லாமல் ஆடினார்கள். லண்டனுக்கு எட்டு பேர் போன நாட்டிலிருந்து ரியோவுக்குப் போனது மூன்று பேர், பெண்கள் ஒருவர்கூட இல்லை. 2013இல் பதினைந்து வயதில் இருந்த பையனை நினைத்துப் பார். பவுட் ஆடி வளர வேண்டிய வயதில் போட்டி இல்லை. பாரிஸ் வரும்போது அவனுக்கு இருபத்தாறு. அந்தப் பள்ளத்தை இன்னும் நாம் தாண்டவில்லை என்பது என் எண்ணம். 2025இலும் தேர்தல் தள்ளிப்போனது, கோர்ட், இடைக்காலக் குழு என்று பழைய கதையே ஓடியது.

இதற்கு நடுவே ஆட்டமும் மாறிவிட்டது. பெய்ஜிங்கில் நாம் பார்த்தபோது இரண்டு நிமிடமாக நான்கு ரவுண்ட். நடுவர்கள் பட்டன் அழுத்துவார்கள், ஒரு நொடிக்குள் ஐந்தில் மூன்று பேர் அழுத்தினால் ஒரு பாயின்ட். தொட்டுவிட்டு ஓடுகிற, எதிராளி அடிக்கும்போது திருப்பி அடிக்கிற நம்மவர்களுக்கு அது தோதாக இருந்தது. அகில் குமார் கையைத் தொங்கவிட்டுக்கொண்டே ரஷ்யாவின் உலக சாம்பியனைத் தோற்கடித்தது ஞாபகம் இருக்கிறதா? இப்போது மூன்று நிமிடமாக மூன்று ரவுண்ட். 2013இலிருந்து ஒவ்வொரு ரவுண்டிலும் ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9. ஆண்களுக்குத் தலைக்கவசமும் போய்விட்டது. யார் முன்னால் போகிறார், யார் குத்தில் கனம் இருக்கிறது, யார் ஆட்டத்தை நடத்துகிறார் என்பதை நடுவர் பார்க்கிறார். பின்வாங்கிக்கொண்டே அழகாக ஆடுபவனுக்கு இதில் மதிப்பு குறைவு. நம் மாவட்ட கோச்சுகள் பலர் இன்னும் பழைய ஆட்டத்தையே சொல்லித்தருகிறார்கள். உடம்பில் அடிப்பது, ஒட்டி நின்று ஆடுவது எல்லாம் பையன்களுக்கு கேம்புக்குப் போன பிறகுதான் அறிமுகமாகிறது.

பாரிஸ் விஷயத்தில் இன்னொன்று. நாலு பெண்கள் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டிலேயே ஒலிம்பிக்குக்கு இடம் பிடித்துவிட்டார்கள். ஆண்கள் அங்கேயும் பிடிக்கவில்லை, அடுத்து இத்தாலியில் நடந்த தகுதிப் போட்டிக்குப் போன ஆண், பெண் ஒன்பது பேரில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. அத்தோடு அயர்லாந்துக்காரரான உயர்நிலைப் பயிற்சி இயக்குநர் ராஜினாமா. பங்காலுக்கும் நிஷாந்துக்கும் பாங்காக்கில்தான் கிடைத்தது, ஒலிம்பிக்குக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில். அதோடு, ஹாங்சோவில் இடம் பிடித்த பர்வீன் ஹூடாவின் கதை. ஊக்கமருந்து எதுவும் இல்லை. பரிசோதனைக்காரர்களுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிவிக்கும் படிவத்தில் பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று முறை தவறியதற்காகத் தடை. அவர் வாங்கிய 57 கிலோ இடமே நாட்டின் கையை விட்டுப் போயிற்று. இன்னொரு வீராங்கனை ஜாஸ்மின் பாங்காக் போய் அதை மறுபடி வாங்கி வந்தார். ஒரு படிவத்தைக் கவனிக்க ஒரு ஆள் இல்லையா என்று எனக்கு இன்றும் ஆத்திரமாக வருகிறது.

நிகத் ஸரீன் இரண்டு முறை உலக சாம்பியன். பாரிஸில் தரவரிசை இல்லாமல் இறங்கியதால் இரண்டாவது ஆட்டத்திலேயே முதல் இடத்திலிருந்த சீனாவின் வூ யூ எதிரே வந்தார். கடைசியில் தங்கம் வாங்கியதும் வூ யூதான். நல்ல தரவரிசையோடு வந்திருந்தால் அந்தச் சந்திப்பு அவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது.

பெண்கள் பற்றி நீ எழுதியதில் எனக்கு ஒரு திருத்தம் உண்டு. 2023 டெல்லி உலகப் போட்டியில் நாலு தங்கம் என்று நீ பெருமைப்பட்டிருந்தாய். நானும் கைதட்டினேன்தான். ஆனால் அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து உட்படப் பல நாடுகள் அதைப் புறக்கணித்தன. நாலில் இரண்டு, 48 கிலோவும் 81 கிலோவும், பாரிஸ் ஒலிம்பிக்கில் இல்லாத எடைகள். 48இல் ஜெயித்த நீத்து பாரிஸ் போக வேண்டுமென்றால் 50க்கு ஏறி நிகத்தோடு மோத வேண்டியிருந்தது. எனக்குப் பெரிதாகப் படுவது 2025 லிவர்பூல் உலகப் போட்டிதான். பாரிஸில் முதல் ஆட்டத்திலேயே தோற்ற ஜாஸ்மின், அடுத்த வருடம் அங்கே இறுதியில் பாரிஸ் வெள்ளிக்காரியான போலந்துப் பெண்ணைத் தோற்கடித்தார். மீனாக்ஷியும் 48இல் தங்கம். ஆண்கள்? ஒரு வெண்கலமும் இல்லை. நிஷாந்த் அதற்குள் தொழில்முறைக்குப் போய்விட்டார். அவர் நிலையில் நான் இருந்தாலும் போயிருப்பேன்.

இனி இளமதி. நிகத்தும், ஆண்கள் அணியில் ஆடிய ஹுசாமுதீனும் தெலங்கானாவின் நிஜாமாபாத்காரர்கள். இருவருக்கும் ஆரம்பத்தில் சொல்லித்தந்தவர் ஹுசாமுதீனின் அப்பா. ஆகவே ஹரியானாவில் பிறக்கவில்லையே என்று கவலைப்படாதே. கோச்சிடம் மெடல் பற்றிக் கேட்காதே, வருடத்துக்கு எத்தனை பவுட் ஏற்பாடு செய்வார் என்று கேள். பக்கத்து மாவட்ட கிளப்புகளோடு மாதம் ஒரு ஞாயிறு ஆட்டம் வைக்க முடியுமா என்று கேள். அவர் தயங்கினால் என் நம்பரைக் கொடு, எங்கள் கிளப்பில் அவள் எடைக்கு மூன்று பெண்கள் இருக்கிறார்கள். எடையைக் குறைத்துச் சின்னப் பிரிவில் இறக்கலாம் என்று யாராவது சொன்னால், அன்றே வேறு கிளப் பார். வளர்கிற பிள்ளை. நல்ல மவுத்கார்டு ஒன்றை நீயே வாங்கிக்கொடு, கிளப்பில் கிடக்கும் பொது சாமானைத் தொட விடாதே.

அவளுடைய ஸ்பாரிங் வீடியோ அனுப்புவதாகச் சொன்னாயே, இன்னும் வரவில்லை. அனுப்பும்போது மூன்று ரவுண்டையும் வெட்டாமல் அனுப்பு. வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரவி