காலை ஆறு மணியை எங்களுக்கு விட்டுக்கொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், எங்கள் தெரு மொட்டை மாடியில் திங்கள், புதன், வெள்ளி காலையில் நடக்கும் யோகா வகுப்பு நின்றுபோகாமல் ஓடுவதற்குப் பலர் காரணம். வருகிற எல்லோரும் பெண்கள், எல்லோருக்கும் ஒற்றைத் தலைவலி. நன்றி சொல்லும் வேலையைத் தையல்காரியான என் தலையில் கட்டிவிட்டார்கள். ஏற்கெனவே பாரம் தாங்குகிற தலைதான், பரவாயில்லை.

முதலில் டாக்டரம்மாவுக்கு. உங்களிடம் வருவதற்கு முன் வேறோர் இடத்தில், "தலைவலிதானே, செல்போன் பார்க்காதீங்க" என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். நீங்கள்தான் உட்கார வைத்து, வெளிச்சம் கூசுகிறதா, வலிக்கு முந்தின நாள் கொட்டாவி வருகிறதா, மாதவிலக்கை ஒட்டி வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது ஏறக்குறைய 3 மடங்கு அதிகம் என்பதும், மாதவிலக்குக்கு முன்னால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சட்டென்று இறங்குவது ஒரு காரணம் என்பதும் எங்களுக்கு நீங்கள் சொல்லித்தான் தெரியும். சமையலறைக் காலண்டரில் வலி வந்த நாளுக்குச் சிவப்பு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்கு நீலப் புள்ளி வைக்கச் சொன்னீர்கள். சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல், 3 மாதத்துக்கு மேல் ஓடினால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்றீர்கள். இரண்டு மூன்று மருந்து சேர்ந்த கலப்பு மாத்திரைக்கு 10 நாளே போதுமாம். எங்களில் சிலர் வீட்டுக் காலண்டரில் புள்ளி வைக்க இடமே இல்லாமல் இருந்தது!

வகுப்பில் ஒரு தங்கைக்கு வலி வருமுன் கண்ணெதிரே மின்னல் கோடு ஓடும். அப்படி இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பக்கவாத ஆபத்தைக் கூட்டும் என்று நிறுத்தி, வேறு வழி சொன்னதற்கு அவள் தனியாக நன்றி சொல்லச் சொன்னாள்.

சீட்டு இல்லாமல் ஓர் அட்டை மாத்திரைகூடத் தர மறுத்த மெடிக்கல் ஷாப் அண்ணனுக்கும் நன்றி. உங்களைத் திட்டிக்கொண்டே படியிறங்கியவர்கள்தான் இன்று வகுப்பில் முன்வரிசை.

அப்புறம் எங்கள் யோகா அக்கா. புதுச்சேரியிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருகிறவர். தலைகீழாக நிற்பதும், மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும் இங்கே கிடையாது, வலி இருக்கிற நாளில் வந்து சும்மா படுத்திருந்தால் போதும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். மூச்சை இழுக்கும்போது என் தோள் காதுவரை ஏறியது. மிஷின்மேல் குனிந்தே கிடக்கிற கழுத்து, வேறு என்ன செய்யும்? அக்கா என் கடைசி விலாவில் கை வைத்து, "இங்க விரியணும், மேல இல்ல" என்றார். இழுக்க 4 எண்ணிக்கை, விட 6. வண்டு மாதிரி முனகிக்கொண்டே மூச்சை விடும் பிராமரி செய்யும்போது உதடு மூடியிருக்க வேண்டும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டக் கூடாது. ஒட்டாமல் முனகிப் பார்த்தால் தாடை தானாகத் தளருவது தெரியும். கடைசியில் கழுத்துக்கடியில் சுருட்டிய துண்டு, கண்மேல் நனைத்த கர்சீப், சவாசனம். எங்கள் ரீங்காரத்தைக் கேட்டு "மாடியில தேன்கூடு" என்று பெயர் வைத்த கீழ்வீட்டு டியூஷன் பிள்ளைகளே, நாங்கள் படுக்கும் நேரம் பார்த்து மனப்பாடத்தை நிறுத்தி வைப்பதற்கு உங்களுக்கும் நன்றி.

காலை ஆறு மணி எந்த வீட்டிலும் பெண்ணுக்குச் சொந்தமில்லை. பால் காய்ச்சணும், டிபன் பாக்ஸ் கட்டணும், மோட்டார் போடணும். "வகுப்பு உள்ள நாள்ல அடுப்பு என்னோடது, நீ போ" என்று சொன்னவர் என் மாமியார். வெறும் வயிறு எனக்கு ஆகாது என்று தெரிந்ததும் வெள்ளிக்கிழமை விரதத்தையும் அவரே மாற்றினார். "அம்மன் கோச்சுக்க மாட்டா, ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு விளக்கேத்து" என்றார். டாக்டர் சீட்டைவிட, நான் வாந்தியெடுத்துச் சுருண்டதை அவர் பக்கத்திலிருந்து பார்த்ததுதான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். மாசி மகத்தன்று ஊரே தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போக, நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். கூப்பிட வந்தவர்களை, "அவளுக்கு மண்டையிடி, எழுப்பாதீங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியவரும் அவர்தான். அத்தை, இதை நேரில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்காரருக்கும் நன்றி, மோட்டார் போடக் கற்றுக்கொண்டதற்கு.

தீபாவளி சீசனிலும் ராத்திரி ஒன்பதுக்கு மேல் தைப்பதில்லை என்று கடையில் எழுதி மாட்டினேன். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி நிச்சயம். பொறுத்துக்கொண்ட வாடிக்கையாளர்களுக்கு நன்றி. ஒருவர் மட்டும் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். சரி, அவருக்கும் ஒரு வணக்கம்.

"யோகா பண்ணா தலைவலி ஓடிடுமா?" என்று கேட்ட சித்தப்பாவுக்கும் ஒரு வார்த்தை. ஓடாது. எனக்கு இன்னும் வருகிறது, முன்பைவிடக் குறைவாக. மாத்திரையை யாரும் தாமாக நிறுத்தவும் இல்லை. டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், 3 மாத முடிவில் 114 பேரை ஒப்பிட்டார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட, மருந்தோடு யோகாவும் செய்தவர்களுக்கு வலி வரும் தடவையும் மாத்திரையும் நன்றாகக் குறைந்திருந்தன. முதல் மாதம் வாரத்துக்கு 3 நாள் ஆசிரியர் முன்னால், அடுத்த 2 மாதம் வாரத்துக்கு 5 நாள் வீட்டில் என்று அவர்கள் வைத்த கணக்கைப் பார்த்துத்தான் டாக்டரம்மாவும் அக்காவும் எங்களுக்குத் திட்டம் போட்டார்கள். சித்தி நாளை முதல் வருவதாகச் சொல்லியிருக்கிறார், காபியை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

மாடிச் சாவியை எங்களிடமே கொடுத்துவைத்திருக்கும் ஆசிரியர் ஐயா, ஐப்பசி மழை தொடங்கினால் கீழ் ஹாலில் நடத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கும் இப்போதே நன்றி. அந்த ஃபேன் மட்டும் கிறீச் கிறீச்சென்று கத்துகிறது ஐயா, அதற்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுவைத்தால் புண்ணியமாகப் போகும்.

அன்புடன்,
மாடி வகுப்புப் பெண்களுக்காக, தெருமுனைத் தையல்கடைக்காரி