பாலியோடு திரும்பிவிடாதே

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷம், நேரில் வர முடியாத வருத்தம்தான் இன்னும் போகவில்லை. இங்கே ஜாவாத் தீவின் பண்டுங்கில் மில், வீடு, மழை என்று நாள் ஓடுகிறது.

சரி, உன் பயணத்துக்கு வருகிறேன். ஐந்து நாளில் சுமத்ரா, பாலி, கொமோடோ எல்லாம் முடியுமா என்று கேட்டிருக்கிறாய். முடியாதுடா. இந்தோனேசியா மேற்கிலிருந்து கிழக்கே ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளம், 17,000-க்கும் அதிகமான தீவுகள், ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போனால் கடிகாரத்தை இரண்டு முறை மாற்ற வேண்டும். பத்து நாளாவது எடுத்துக்கொண்டு வா. விமானத்தில் தாவித் தாவிப் போகாமல், ஒரு கடலையாவது படகில் கடந்து பார்.

அதற்கு நான் சொல்வது பாலிக்கும் அதன் கிழக்கே உள்ள லொம்போக் தீவுக்கும் நடுவில் இருக்கிற ஜலசந்தி. பாலியின் பாடாங் பாய் துறைமுகத்தில் ஃபெர்ரி ஏறினால் நாலைந்து மணி நேரத்தில் லொம்போக்கின் லெம்பார் வந்துவிடும். முன்னால் ரிஞ்சானி எரிமலை, 3,726 மீட்டர், பின்னால் பாலியின் ஆகுங். பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் இரண்டு தீவின் உயிர்களும் வேறு வேறு உலகம். மேற்கே ஜாவா கடலின் சராசரி ஆழம் ஐம்பது மீட்டர்கூட இல்லை என்பதால், பனியுகத்தில் கடல் நூறு மீட்டருக்கு மேல் இறங்கியபோது சுமத்ரா, ஜாவா, போர்னியோ, பாலி எல்லாம் ஆசியாவோடு ஒரே நிலமாகிவிட்டன. புலி பாலி வரைக்கும் நடந்தே வந்தது, போன நூற்றாண்டு வரை அங்கே இருந்தது. லொம்போக் ஜலசந்தி மட்டும் அப்போதும் வற்றவில்லை, அந்த ஆழத்தைப் புலியால் தாண்ட முடியவில்லை. 1856-இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஆல்ஃப்ரட் ரஸ்ஸல் வாலஸ் இதைக் கடந்தபோது, பாலியில் பார்த்த மரங்கொத்தியும் குக்குறுவானும் லொம்போக்கில் அவர் கண்ணில் படவில்லை, அதற்குப் பதிலாக ஆஸ்திரேலியப் பக்கத்துக் காக்கட்டூ கிளிகள் இருந்தன. அதனால்தான் ஆசிய உயிர்களையும் ஆஸ்திரேலியப் பக்கத்து உயிர்களையும் பிரிக்கிற ஒரு கற்பனைக் கோட்டை அவர் பெயரில் வரைபடத்தில் அங்கே போடுகிறார்கள். படகிலிருந்து பார்த்தால் வெறும் தண்ணீர்தான். இது தெரிந்து பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கிறது.

லொம்போக்கிலிருந்து ஃப்ளோரஸ் தீவின் லாபுவான் பாஜோவுக்குப் போனால் கொமோடோ. அங்கே இருக்கிற ராட்சத உடும்பு, கொமோடோ டிராகன், மூன்று மீட்டர் வரை வளரும், வழிகாட்டி சொல்கிற தூரத்தை விட்டு ஓர் அடிகூடக் கிட்டப் போகாதே. பாடார் தீவில் மேலே ஏறினால் மூன்று பக்கமும் மூன்று நிற மணலில் கடற்கரை தெரியும், ஆனால் படி நிறைய, தங்கச்சிக்கு முழங்கால் வலி இருந்தால் அதிகாலையில் மெதுவாக ஏறுங்கள். படகு பேசும்போது விலையை அப்புறம் பார்க்கலாம், எல்லோருக்கும் உயிர்காப்பு உடை இருக்கிறதா என்று முதலில் பார்.

இன்னும் நாள் இருந்தால், இன்னும் கிழக்கே இருக்கிற பாண்டா தீவுகள். இதைத்தான் நான் மனதாரச் சொல்வேன். அம்போனிலிருந்து கப்பலில் போக வேண்டும், கடல் கொந்தளித்தால் காத்திருக்கவும் வேண்டும். சில நூற்றாண்டுகளுக்கு முன்பு வரை உலகத்துக்கே ஜாதிக்காய் இந்தச் சின்னத் தீவுகளிலிருந்துதான் போனது. நம் வீட்டு அஞ்சறைப்பெட்டிக்கு வந்த அதே காய்க்காக 1621-இல் டச்சுக்காரர்கள் அந்த மக்களில் பெரும்பாலானவர்களைக் கொன்றும் அடிமையாக்கியும் நாசம் செய்தார்கள். பக்கத்து ரன் தீவு ஆங்கிலேயர் உரிமை கொண்டாடியது. 1667 பிரேடா உடன்படிக்கையில் அது டச்சுக்காரர்களுக்கே போக, ஆங்கிலேயர் கையில் இன்றைய நியூயார்க்கின் மன்ஹாட்டன் நின்றது. இன்றைக்கு ரன் ஓர் அமைதியான மீனவக் கிராமம். ஓங்கி வளர்ந்த கெனாரி மரங்களின் நிழலில் ஜாதிக்காய் மரங்கள், பழத்தின் சதையில் ஜாம் போடுகிறார்கள், கத்தரிக்காயை கெனாரிப் பருப்பு அரைத்த குழம்பில் தருகிறார்கள். கூட்டம் முழுக்க பாலியில் குவிந்து கிடக்க, இப்படி ஒரு இடத்துக்கு ஆள் வருவதில்லையே என்று எனக்கு ஆதங்கம்.

பாலி, லொம்போக், கொமோடோ என்றால் மே முதல் செப்டம்பர் வரை நல்லது. பாண்டாவுக்கு அக்டோபர், நவம்பரில் கடல் ஓரளவு அடங்கியிருக்கும். இரண்டும் சேர வேண்டுமானால் செப்டம்பர் கடைசியில் கிளம்பு. பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மீதி இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடு. தங்கச்சியிடம் பேசி எத்தனை நாள் விடுப்பு என்று எழுது, கப்பல் நாள் பார்த்து மீதியை நான் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
ரவி